வௌவாலின் பழிவாங்கல்: ஒரு வியன்னா ஓபரெட்டா உருவான கதை

1874 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. வியன்னாவின் ‘தியேட்டர் அன் டேர் வீன்’ அரங்கில் ஓர் இசை நாடகம் அன்று முதன்முறையாக மேடையேறியது. பெயர் ‘டீ ஃப்ளேடர்மௌஸ்’, அதாவது ‘வௌவால்’. இசையமைத்தவர் யோஹான் ஸ்ட்ராஸ். ஆர்க்கெஸ்ட்ராவை அன்று நடத்தியவரும் அவர்தான். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் உலகின் பெரிய ஓபரா அரங்குகள் இதை விடாமல் மேடையேற்றுகின்றன. ஜெர்மன் ஓபரெட்டா ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்.

வியன்னா நகரத்தின் குணத்தை இதைவிடத் துல்லியமாகப் பிடித்த மேடைப் படைப்பு வேறில்லை என்பார்கள். எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கதை வியன்னாவில் பிறந்ததல்ல. பெர்லினில் ஒரு சிரிப்பு நாடகமாகத் தொடங்கி, பாரிஸுக்குப் போய் வேறு உரு எடுத்து, அங்கிருந்து வியன்னாவுக்கு வந்தது. வந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை. பிரெஞ்சு நாடகத்தின் நடுப்பகுதி வியன்னாவில் எடுபடாது என்று தெரிந்துபோயிற்று. அதைத் தூக்கிவிட்டு அங்கே வேறொன்றை வைத்தார்கள். இன்று உலகம் கொண்டாடுவது அப்படி வைத்த பகுதியைத்தான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மாற்றத்தைப் பற்றியது. அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

ஓபரெட்டா என்பது என்ன?

ஓபராவில் கதை பெரும்பாலும் பாட்டாகவே நகரும். “கதவைத் திற” என்பதைக்கூடப் பாடித்தான் சொல்வார்கள். ஓபரெட்டாவில் பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். பேச்சு சூடேறும் இடத்தில் பாட்டு வரும், பாட்டு முற்றும் இடத்தில் ஆட்டம் வரும். வசனம் இருப்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது. மொட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ போன்ற ஜெர்மன் ஓபராக்களிலும் வசனம் உண்டு. வித்தியாசம் மனநிலையில் இருக்கிறது. ஓபரெட்டா சிரிக்கவைக்க வந்தது. பெரிய மனிதர்களைக் கேலி செய்யும், கணவன் மனைவி ஏமாற்றுகளைக் கண்டும் காணாமலும் விடும், கடைசியில் எல்லாரையும் சமாதானமாக்கி அனுப்பும். கேட்க லேசாக இருக்கிறதே என்று பாடுவதும் லேசு என்று நினைத்துவிடக் கூடாது. ‘வௌவால்’ நாயகியின் பாட்டு ஒன்றைச் சரியாகப் பாட, முழு ஓபராவைத் தாங்கும் குரல் வேண்டும்.

இந்த வடிவத்தைப் புகழ்பெறச் செய்தவர் ஜாக் ஒஃபன்பாக். ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்து, பாரிஸில் வாழ்ந்தவர். 1855-ல் ‘பூஃப் பாரிசியன்’ என்ற சொந்த அரங்கைத் தொடங்கினார். ஆரம்பத்தில் மேடையில் சில நடிகர்களுக்கு மேல் ஏற்ற அவருக்கு அரசு அனுமதி இல்லை. அதனால் சின்னச் சின்ன நாடகங்களாக எழுதினார். கட்டுப்பாடு தளர்ந்ததும் 1858-ல் வந்தது ‘பாதாளத்தில் ஓர்ஃபியூஸ்’. கிரேக்கக் கடவுளர்களை அன்றைய பாரிஸ் கனவான்களைப் போல ஆடவிட்ட அந்தப் படைப்பு அவரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது.

வியன்னா ரசிகர்கள் ஒஃபன்பாக்கை அள்ளிக்கொண்டார்கள். பாட்டு கலந்த நையாண்டி நாடகத்துக்கு அங்கே ஏற்கெனவே நல்ல மண் இருந்தது. யோஹான் நெஸ்ட்ராய் போன்ற நடிகர்-நாடகாசிரியர்கள் பல ஆண்டுகளாக உழுது வைத்த மண் அது. 1860-ல் ஃப்ரான்ஸ் ஃபொன் சுப்பே எழுதிய ‘விடுதிப் பள்ளி’யை முதல் வியன்னா ஓபரெட்டா என்று சொல்வது வழக்கம். ஆனாலும் வசூலுக்கு அரங்குக்காரர்கள் பாரிஸைத்தான் நம்பியிருந்தார்கள். உள்ளூரிலேயே ஓர் ஒஃபன்பாக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம் அவர்களுக்கு இருந்தது.

நடன மேடையிலிருந்து நாடக மேடைக்கு

அந்த ஏக்கம் தேடிப்போய் நின்ற வாசல் யோஹான் ஸ்ட்ராஸுடையது. அதே பெயர்கொண்ட அப்பாவும் புகழ்பெற்ற நடன இசையமைப்பாளர். மகன் இசைக்கு வரக் கூடாது, வங்கி வேலைக்குப் போகட்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். மகன் அம்மாவின் துணையோடு கற்றுக்கொண்டு, 1844 அக்டோபரில், 19 வயதுகூட நிறையாத நிலையில், ஹீட்ஸிங்கில் டொம்மையர் அரங்கில் சொந்த இசைக்குழுவோடு மேடையேறினார். 1867-ல் ‘நீல டான்யூப்’ வந்தது. அதற்குப் பிறகு வால்ட்ஸ் என்றால் ஸ்ட்ராஸ்தான்.

வால்ட்ஸ் என்பது மூன்று அடித் தாளத்தில் ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனம். முதல் அடி அழுத்தமாக விழும்; மற்ற இரண்டும் லேசாகத் தொட்டுப் போகும். வியன்னா இசைக்கலைஞர்கள் இரண்டாவது அடியை இம்மி முன்னதாக எடுத்துவிடுவார்கள். எழுதிவைத்த நொட்டேஷனில் அது இருக்காது. கை பழகினால்தான் வரும்.

ஸ்ட்ராஸ் நாடகம் பக்கம் வர விரும்பியவர் அல்ல. 1870-ல் அம்மாவும் தம்பி யோசெஃபும் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டு அரண்மனை நடன இசை இயக்குநர் பதவியை ஸ்ட்ராஸ் விட்டுவிட்டார். அது அடுத்த தம்பி எடுவார்டின் கைக்குப் போனது. நாடகத்துக்கு எழுது என்று வற்புறுத்தியவர் மனைவி யெட்டி ட்ரெஃப்ஸ் என்பார்கள். அவரும் மேடைப் பாடகிதான். நடன இசையைப் பதிப்பாளரிடம் விற்றால் ஒருமுறைதான் காசு. நாடகம் ஓடினால் ஒவ்வொரு காட்சிக்கும் பங்கு வரும். இந்தக் கணக்கு வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

1871-ல் ‘இண்டிகோவும் நாற்பது திருடர்களும்’, 1873-ல் ‘ரோமில் கார்னிவல்’. இரண்டிலும் இசைக்கு நல்ல பெயர், கதைக்கு இல்லை. ஸ்ட்ராஸுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கண் போதாது. வாழ்நாள் முழுக்க அந்தக் குறை அவரைத் துரத்தியது. ஒரே ஒருமுறை அவர் கையில் உண்மையிலேயே நல்ல நாடகம் ஒன்று விழுந்தது.

கதை நடந்து வந்த வழி

லைப்ஸிக்கில் பிறந்த ரோடரிக் பெனெடிக்ஸ் என்ற நாடகாசிரியரின் ‘சிறை’ என்ற நகைச்சுவை நாடகம் 1851-ல் பெர்லினில் அரங்கேறியது. அதன் முடிச்சு எளிமையானது. சிறைக்குப் போகவேண்டிய கணவன் வீட்டில் இல்லாத நேரத்தில் அதிகாரி வருகிறார். அங்கே மனைவியோடு வேறொரு ஆண் இருக்கிறான். “இவர் என் கணவர் அல்ல” என்று அவள் சொன்னால் மானம் போகும். அதனால் வந்தவன் கணவனாக நடித்துச் சிறைக்குப் போகிறான்.

இந்த முடிச்சை எடுத்துக்கொண்டவர்கள் பாரிஸின் ஆன்ரி மெயாக், லுதோவிக் அலேவி என்ற இரட்டையர். ஒஃபன்பாக்கின் ‘அழகி எலென்’, ‘பாரிஸ் வாழ்க்கை’ போன்றவற்றுக்கு எழுதியவர்கள்; பின்னால் பிஸேயின் ‘கார்மென்’ ஓபராவுக்கும் எழுதப்போகிறவர்கள். அவர்களுடைய ‘லெ ரெவெயோன்’ 1872 செப்டம்பர் 10 அன்று பாரிஸின் பலே ரோயால் அரங்கில் மேடையேறியது. அது இசை நாடகம் அல்ல, வசன நாடகம். முடிச்சு பெனெடிக்ஸுடையது, ஆனால் நடு அங்கம் புதிது. சிறைக்குப் போகவேண்டிய கணவன் அந்த இரவில் ஒரு ரஷ்ய இளவரசனின் விருந்துக்குப் போய்விடுகிறான். அந்த விருந்தின் பெயர்தான் நாடகத்தின் பெயரும்.

ரெவெயோன் என்பது பிரெஞ்சுக்காரர்களின் கிறிஸ்துமஸ் வழக்கம். டிசம்பர் 24 நள்ளிரவுப் பூசை முடிந்ததும் உறவும் நட்பும் கூடி விடியவிடியச் சாப்பிட்டுக் குடித்துக் கொண்டாடுவார்கள். பாரிஸ் ரசிகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தியேட்டர் அன் டேர் வீனின் இயக்குநர் மாக்ஸ் ஷ்டைனர் இந்த நாடகத்தை ஜெர்மனில் கொண்டுவர நினைத்து, கார்ல் ஹாஃப்னர் என்ற மூத்த நாடகாசிரியரிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். வந்த பிரதி திருப்தி தரவில்லை. எழுத்தின் தரம் ஒருபுறம் இருக்க, வழக்கமே இடித்தது. வியன்னாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வீட்டுக்குள் குழந்தைகளோடு கழியும் இரவு. அன்று ஒரு குடும்பஸ்தன் நடிகைகளோடு விடியவிடிய விருந்தாடுகிறான் என்றால் அரங்கில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

அப்போது பதிப்பாளரும் முகவருமான குஸ்டாவ் லெவி ஒரு யோசனை சொன்னார்: இதை ஓபரெட்டாவாக மாற்றி ஸ்ட்ராஸிடம் கொடுக்கலாமே. மாற்றும் வேலை ரிச்சர்ட் ஜெனேவிடம் போனது. ஜெனே வெறும் எழுத்தாளர் அல்ல. அந்த அரங்கின் இசை நடத்துநர், இசையமைப்பாளர். எந்த இடத்தில் பாட்டு உட்காரும், எந்த இடத்தில் உட்காராது என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஹாஃப்னரின் பிரதியிலிருந்து தான் எடுத்துக்கொண்டது பாத்திரங்களின் பெயர்களை மட்டுமே என்றும், அவரைப் பார்த்ததுகூட இல்லை என்றும் ஜெனே பின்னாளில் சொன்னார். இருந்தாலும் விளம்பரத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே வந்தன. இன்றுவரை அப்படியே வருகின்றன.

ஜெனே என்ன செய்தார்? கிறிஸ்துமஸ் விருந்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நடன விருந்தை வைத்தார்.

எழுதும்போது ஒரே வரிதான். விளைவோ பெரிது. விருந்து என்றால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேசுவார்கள். நடன விருந்து என்றால் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும், வால்ட்ஸ் வேண்டும், போல்கா வேண்டும், முகமூடி வேண்டும். முப்பது ஆண்டுகளாக ஸ்ட்ராஸ் வாழ்ந்த உலகமே அதுதான். அதுவரை நாடகத்துக்காகத் தன் இசையை வளைத்துக்கொண்டிருந்தவருக்கு, இங்கே நாடகமே நடன மண்டபத்துக்குள் வந்து நின்றது.

இரண்டாவது மாற்றமும் அதற்குச் சமமானது. பிரெஞ்சு நாடகத்தில் மனைவி விருந்துக்கு வருவதில்லை. வியன்னாவில் வருகிறாள், முகமூடி போட்டுக்கொண்டு. தன் மனைவி என்று தெரியாமல் கணவன் அவளையே மயக்கப் பார்க்கிறான்.

கதைச் சுருக்கம்

பெரிய நகரம் ஒன்றின் அருகே ஒரு ஸ்பா ஊர். ஐசன்ஷ்டைன் என்ற வசதியான மனிதர் ஓர் அரசு அலுவலரை அவமதித்ததற்காகச் சிறைத் தண்டனை பெற்றிருக்கிறார். ஐந்து நாள் தண்டனையைத் தன் வாதத் திறமையால் எட்டு நாளாக்கிக் கொடுத்த வக்கீலின் பெயர் டாக்டர் பிளிண்ட். பெயருக்குக் ‘குருடர்’ என்று அர்த்தம்.

சிறைக்குப் போகும் இரவில் நண்பர் ஃபால்கே வருகிறார். காலையில் சிறைக்குப் போகலாம், இன்றிரவு இளவரசர் ஒர்லோஃப்ஸ்கியின் நடன விருந்துக்கு வா என்கிறார். ஃபால்கேவுக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. முன்பொரு முறை இருவரும் மாறுவேட நடனத்துக்குப் போனார்கள். ஐசன்ஷ்டைன் பட்டாம்பூச்சி, ஃபால்கே வௌவால். திரும்பும் வழியில், குடித்து மயங்கிக் கிடந்த ஃபால்கேவை ஐசன்ஷ்டைன் ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பட்டப்பகலில் வௌவால் உடையோடு, ஊர்ப் பையன்கள் கேலி செய்ய, ஃபால்கே வீடு வந்து சேர வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் ‘டாக்டர் வௌவால்’. இன்றைய விருந்து முழுக்க அவர் விரித்த வலை.

ஐசன்ஷ்டைன் கிளம்பியதும் மனைவி ரோசலிண்டேயின் பழைய காதலன் ஆல்ஃப்ரெட் வந்துவிடுகிறான். பிரெஞ்சு நாடகத்தில் அவன் வயலின்காரன். இங்கே உச்சக்குரல் பாடகன். ரோசலிண்டே அவன் பேச்சைச் சமாளித்துவிடுவாள். பாடத் தொடங்கிவிட்டால் அவளால் முடியாது. அவன் ஐசன்ஷ்டைனின் வீட்டு அங்கியை மாட்டிக்கொண்டு அவருடைய ஒயினைக் குடிக்கும் நேரத்தில் சிறை அதிகாரி ஃபிராங்க் வந்து நிற்கிறார். கணவர் என்றால் மனைவிக்கு விடைமுத்தம் கொடுக்கட்டும் என்கிறார். ஆல்ஃப்ரெட் மறுக்கவில்லை. சிறைக்கும் போகிறான்.

விருந்தில் எல்லாருமே வேறு யாரோ. ஐசன்ஷ்டைன் ‘மார்க்கி ரெனார்’ என்ற பிரெஞ்சுப் பிரபு. சிறை அதிகாரி ஃபிராங்க் ‘ஷெவாலியே ஷாக்ரேன்’. எஜமானியின் உடையைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு வந்த வேலைக்காரி அடேலே ஒரு நடிகை. ரோசலிண்டே ஹங்கேரியச் சீமாட்டி. காலை ஆறு மணிக்கு ஐசன்ஷ்டைனும் ஃபிராங்கும், மற்றவர் யார் என்று அறியாமலே, அவரவர் போக்கில் ஒரே சிறைக்கு ஓடுகிறார்கள். மூன்றாம் அங்கத்தில் அத்தனை முகமூடிகளும் கழல்கின்றன.

எல்லாம் தன் திட்டம் என்று ஃபால்கே கடைசியில் சொல்ல, ஆல்ஃப்ரெட்டும் சமயம் பார்த்துத் தானும் அதில் நடித்ததாகச் சேர்ந்துகொள்கிறான். அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் அவர் நம்பிக்கையை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று ஓரமாகச் சொல்லிக்கொள்கிறான். ஐசன்ஷ்டைன் மன்னிப்புக் கேட்கிறார், எல்லாரும் ஷாம்பேன் மேல் பழியைப் போடுகிறார்கள், திரை விழுகிறது.

இசை என்ன செய்கிறது

இந்தக் கதையை இசை இல்லாமல் படித்தால் சாமர்த்தியமான கேலிக்கூத்து. இசை சேர்ந்ததும் பாத்திரங்கள் வாயால் சொல்வது ஒன்று, மனதில் இருப்பது இன்னொன்று என்பது நம் காதுக்கே கேட்கத் தொடங்குகிறது.

முதல் அங்கத்தில் ஒரு மூவர் பாட்டு வருகிறது. கணவர் சிறைக்குக் கிளம்புகிறார். மனைவியும் வேலைக்காரியும் வழியனுப்புகிறார்கள். ரோசலிண்டே, எட்டு நாள் தனியே எப்படி இருப்பேன், காலையில் காபிக் கோப்பையைப் பார்த்தாலே அழுகை வருமே என்று பாடுகிறாள். மெட்டு மெதுவாக, கனமாக, நிஜமான பிரிவுத் துயரம் போலவே போகிறது. ஆனால் மூவருக்கும் அன்றிரவு தனித்தனி ஏற்பாடு இருக்கிறது. “ஐயோ, ஐயோ, எவ்வளவு வேதனை” என்று பாடப் பாட, தாளம் கால்களுக்கு இறங்குகிறது. சொல் இன்னும் அழுதுகொண்டிருக்கிறது, இசை துள்ளிக் குதிக்கிறது. திடீரென்று நினைவு வந்தவர்கள் போல மறுபடி சோகத்துக்குத் திரும்புகிறார்கள், அதுவும் நிலைக்காது. பொய்யை இவ்வளவு அழகாக அம்பலப்படுத்திய இசை அபூர்வம். முதல்முறை கேட்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான்.

இரண்டாம் அங்கத்தில் கடிகாரப் பாட்டு. ஐசன்ஷ்டைனிடம் அழுத்தினால் மணியடிக்கும் ஒரு சட்டைப்பைக் கடிகாரம் உண்டு. தருகிறேன் தருகிறேன் என்று ஆசைகாட்டிப் பெண்களை மயக்க அவர் பயன்படுத்தும் தூண்டில் அது, கொடுத்ததே கிடையாது. முகமூடிச் சீமாட்டியிடமும் காட்டுகிறார். அவள் தன் நெஞ்சு படபடக்கிறது, கடிகாரத்தை வைத்துத் துடிப்பை எண்ணுங்கள் என்கிறாள். இருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள், ஆர்க்கெஸ்ட்ரா டிக்டிக் என்று ஓடுகிறது, எண்ணிக்கை குழம்புகிறது, பாட்டு முடியும்போது கடிகாரம் அவள் கையில். மூன்றாம் அங்கத்தில் அவள் அதை எடுத்து நீட்டும்போது அவருக்குப் பேச்சு வராது. வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அவள் ஹங்கேரியச் சீமாட்டிதானா என்று விருந்தினர்கள் சந்தேகப்பட, அதற்குப் பதிலாக அவள் பாடுவது ‘சார்டாஷ்’. மெதுவாக, ஏக்கத்தோடு தொடங்கி வெறிகொண்ட வேகத்தில் முடியும் ஹங்கேரிய நடன வடிவம் அது. நாடகத்துக்கும் முன்பே, 1873 அக்டோபரில், ஒரு நன்கொடை நிகழ்ச்சியில் மரீ கைஸ்டிங்கர் இதைப் பாடிவிட்டார். அவர்தான் பின்னர் முதல் ரோசலிண்டே. அந்த அரங்கை ஷ்டைனரோடு சேர்ந்து நிர்வகித்தவரும் அவரே. 1867-ல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒப்பந்தம் செய்து இரட்டை முடியரசு ஆகியிருந்தன. அரசியலில் உரசிக்கொண்டிருந்த இரு நாடுகளில் ஒன்றின் தலைநகரத்தில், மற்றொன்றின் மெட்டைப் பாடி ஒரு வியன்னாப் பெண்மணி தன் அடையாளத்தை ‘நிரூபிக்கிறாள்’. அரங்கம் அதை நம்பிக் கைதட்டுகிறது.

பிறகு எல்லாரும் கோப்பை ஏந்தி, இனி நாம் சகோதர சகோதரிகள், மரியாதைப் பன்மை வேண்டாம், ஒருவரையொருவர் ‘நீ’ என்றே அழைப்போம் என்று பாடும் கூட்டுப்பாட்டு. இளவரசன், வேலைக்காரி, சிறை அதிகாரி, கைதி எல்லாரும் அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். வேகமான படைப்பு இங்கே மட்டும் மூச்சு வாங்குகிறது. பொழுது விடிந்தால் இந்தச் சமத்துவம் கலைந்துவிடும் என்பது இசைக்குத் தெரியும். எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இளவரசர் ஒர்லோஃப்ஸ்கி வேடத்தை ஆண் உடையில் ஒரு பெண் பாடுவது மரபு. எதிலும் சலித்துப்போன, மீசை முளைக்காத பணக்காரப் பையனின் குரல் அப்படித்தான் அமைகிறது. ஆண்கள் பாடும் தயாரிப்புகளும் உண்டு. எனக்கு அவை ஒட்டுவதில்லை. மூன்றாம் அங்கத்தில் இசை குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டும் கொடுத்ததை அது கொடுக்காது. அங்கே அரங்கைத் தாங்குவது ஃப்ரோஷ் என்ற குடிகாரச் சிறைக்காவலர். ஒரு வரி பாடமாட்டார். பேச்சு மட்டுமே. உள்ளே ஆல்ஃப்ரெட் ஓபரா ஓபராவாகப் பாடிக்கொண்டிருக்க, வெளியே ஃப்ரோஷ் தள்ளாடிக்கொண்டு அவனை அடக்கப் பார்ப்பார். அந்தந்த ஊரின் பெரிய நகைச்சுவை நடிகரைப் பிடித்துவந்து இந்த வேடத்தைக் கொடுப்பார்கள். அவரும் அன்றைய அரசியலை அதில் இழுத்துப்போட்டுப் பேசுவார்.

ஸ்ட்ராஸ் இதையெல்லாம் ஹீட்ஸிங் வீட்டில் ஏறத்தாழ ஆறு வாரத்தில் எழுதிவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. மெட்டுகள் அந்த வேகத்தில் பிறந்திருக்கலாம். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதி முடிப்பது வேறு வேலை, அதில் ஜெனேவும் கைகொடுத்தார்.

1873 என்ற ஆண்டு

இதே காலத்தில் வியன்னாவில் நடந்ததைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஓபரெட்டா முழுதாகப் புரியாது. 1873 மே 1 அன்று நகரத்தின் பிராட்டர் பூங்காவில் உலகக் கண்காட்சி தொடங்கியது. நகரம் கடன் வாங்கிக் கட்டிடம் கட்டிப் பூரித்திருந்த நேரம். எட்டு நாள் கழித்து, மே 9 வெள்ளிக்கிழமை, வியன்னா பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் விழுந்தன, நேற்றைய பணக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோடையில் காலராவும் பரவியது. அடுத்த ஈஸ்டருக்கு ‘வௌவால்’ மேடையேறுகிறது.

அதில் வரும் புகழ்பெற்ற வரி ஒன்று: “மாற்ற முடியாததை மறந்துவிடுகிறவனே பாக்கியசாலி.” நொடித்துப்போன நகரம் தன்னைத் தேற்றிக்கொண்ட வாக்கியம் என்று இதைச் சொல்லாதவர் இல்லை. சரிதான். ஆனால் நாடகத்தில் அந்த வரியைத் தொடங்கிவைப்பவர் யார் என்று பாருங்கள். அடுத்தவன் அங்கியைப் போட்டுக்கொண்டு, அடுத்தவன் ஒயினைக் குடித்துக்கொண்டு, அடுத்தவன் மனைவியை மயக்கப் பார்க்கும் ஆல்ஃப்ரெட். ரோசலிண்டேயின் தயக்கத்தைக் கரைக்க அவன் எடுத்துவிடும் மந்திரம் அது. மெட்டோ அவ்வளவு இனிமையாக இருக்கிறது. அவளும் சேர்ந்து பாடிவிடுகிறாள். ஆறுதலும் ஏமாற்றும் ஒரே மெட்டில் வருவதை இந்தப் படைப்பு மறைக்கவில்லை. வெறும் கேளிக்கை என்று இதை ஒதுக்குபவர்களோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இந்த ஒரு பாட்டே போதும்.

பிறகு நடந்தது

வியன்னாவில் முதலில் தோல்வியடைந்து பதினாறே காட்சிகளில் நின்றுபோயிற்று என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நின்றது உண்மை, காரணம் வேறு. இத்தாலிய ஓபராக் குழு ஒன்றுக்கு அந்த அரங்கை முன்பே ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் போனதும் ‘வௌவால்’ திரும்ப வந்தது. அதே ஆண்டு பெர்லினில் மேடையேறிப் பெரிய வெற்றி பெற்றது. முதல் வித்து விழுந்த நகரத்துக்கே, இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, யாருக்கும் அடையாளம் தெரியாத உருவில் கதை திரும்பிவிட்டது.

1894-ல் ஹாம்பர்க் அரங்கில் இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் இதை நடத்தினார். அதே ஆண்டு அக்டோபரில், ஸ்ட்ராஸ் மேடையேறிய ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, வியன்னா அரச ஓபரா அரங்கும் இதற்குக் கதவு திறந்தது. ஓபரெட்டாவுக்கு அந்த அரங்கில் இடம் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல. 1899-ல் ஸ்ட்ராஸ் இறந்தார். இன்று டிசம்பர் 31 இரவில் வியன்னா அரசு ஓபராவில் ‘வௌவால்’ ஆடுவது மரபு. மூலப்பிரதியில் கதை புத்தாண்டு இரவில் நடப்பதாக இல்லை. மேடை மரபுதான் அதை அங்கே கொண்டுபோய் வைத்தது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்ட்ராஸின் கொள்ளுத்தாத்தா யோஹான் மிகாயேல், கத்தோலிக்கராக மதம் மாறிய யூதர். 1762-ல் வியன்னா புனித ஸ்டீஃபன் பேராலயத்தில் நடந்த அவருடைய திருமணப் பதிவில் அது இருந்தது. நாஜிகள் ஆட்சியைப் பிடித்தபின், ‘ஜெர்மானிய’ இசையின் செல்லப்பிள்ளையை இழக்க மனமின்றி, அந்தப் பதிவேட்டை எடுத்துப்போய் அந்தப் பக்கம் இல்லாத நகலைத் திருப்பி வைத்தார்கள். பிரெஞ்சு நாடகத்தை எழுதிய அலேவியும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பல ஊர், பல மொழி, பல இரத்தம் கலந்து உருவான ஒன்றைத் தூய்மையானதாகக் காட்ட, அவர்களுக்கு ஆவண மோசடியே தேவைப்பட்டது.

எப்படிக் கேட்கத் தொடங்குவது

மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். முகப்பு இசையிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ எட்டு நிமிடம். நாடகத்தின் முக்கியமான மெட்டுகள் எல்லாம் அதில் வந்துபோகும். நடுவே மணி ஆறு முறை அடிப்பது கேட்கும். விருந்தைக் கலைக்கும் காலை ஆறு மணி அது. மூவர் பாட்டின் போலிச் சோகமும் இதிலேயே வருகிறது, வேகமெடுப்பது உட்பட.

அடுத்து அந்த மூவர் பாட்டு, கடிகாரப் பாட்டு, அடேலேயின் சிரிப்புப் பாட்டு. மார்க்கி வேடத்தில் இருக்கும் எஜமானர், இவள் என் வேலைக்காரி போல இருக்கிறாளே என்று சொல்லிவிட, இந்தக் கையைப் பாருங்கள், இந்த இடையைப் பாருங்கள், வேலைக்காரிக்கு இப்படி இருக்குமா என்று அவள் சிரித்தே அவரை மடக்குகிறாள். சிரிப்பையே ஸ்வரமாக எழுதியிருக்கிறார் ஸ்ட்ராஸ். வாய்ப்புள்ளவர்கள் இதைக் காணொளியில் பார்ப்பது நல்லது, எஜமானரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

முழு நாடகத்தையும் பார்க்கும்போது விருந்துக் காட்சியில் நடனம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதைக் கண்டு குழம்பிவிடாதீர்கள். ஸ்ட்ராஸ் அங்கே பல நாட்டு நடனங்களை எழுதியிருந்தார். இப்போது பலர் அவற்றை விட்டுவிட்டு, 1868-ல் அவரே எழுதிய ‘இடியும் மின்னலும்’ போல்காவைப் போடுகிறார்கள். சில அரங்குகளில் விருந்துக்கு வந்த பிரபலங்கள் என்று நிஜமான நட்சத்திரப் பாடகர்களையே அழைத்து ஆளுக்கொரு பாட்டுப் பாடவைப்பதும் உண்டு. ஒர்லோஃப்ஸ்கியின் விருந்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றுதானே கதையே சொல்கிறது.